போர் விமானத்தின் திறன் பெரிதா, விமானியின் பயிற்சி பெரிதா?

கேள்வி இதுதான்: "உலகத்திலேயே சிறந்த போர் விமானத்தை ஒரு நாடு வாங்கிவிட்டால் வான்போரில் அதற்கு வெற்றி உறுதியா? அல்லது பழைய விமானத்தை வைத்துக்கொண்டே நன்கு பயிற்சி பெற்ற விமானி அதை வீழ்த்திவிட முடியுமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு விமானம் ஓர் எல்லை போடுகிறது. அந்த எல்லைக்குள் எந்த மூலையில் சண்டை நடக்கும் என்பதை விமானிதான் தீர்மானிக்கிறார். இரண்டு விமானங்களுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஓரளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் பயிற்சியே ஜெயிக்கிறது. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்துவிட்டால் பயிற்சி மட்டும் காப்பாற்றாது. ஆனால் 'பயிற்சி' என்று பொதுப்படையாகச் சொன்னால் போதாது. நிறைய மணி நேரம் பறந்தும் தவறான பயிற்சியால் தோற்றவர்கள் இருக்கிறார்கள். அதை வியட்நாம் போர் போல வேறு எந்தப் போரும் தெளிவாகக் காட்டியதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1960களின் நடுவில் அமெரிக்காவிடம் இருந்த எஃப்-4 ஃபேன்டம் அந்தக் காலத்து அதிசயம். இரண்டு பெரிய இன்ஜின்கள், ஒலியைப் போல இரு மடங்கு வேகம், சக்திவாய்ந்த ராடார், அந்த ராடாரைக் கவனிக்கவே பின் இருக்கையில் தனி ஆள். ராடார் வழிகாட்டும் ஸ்பேரோ ஏவுகணை நான்கு, இன்ஜின் சூட்டைத் தேடிப் போகும் சைடுவிண்டர் நான்கு. எதிரியின் முதுகுப்பக்கம் போய்ப் பீரங்கியால் சுடும் காலம் மலையேறிவிட்டது என்று வடிவமைத்தவர்கள் நம்பினார்கள். அதனால் ஆரம்பகால ஃபேன்டம்களில் பீரங்கியே வைக்கவில்லை.

எதிரே வட வியட்நாமிடம் முதலில் இருந்தது மிக்-17. கொரியப் போரில் பறந்த மிக்-15இன் அடுத்த வடிவம். கிடைமட்டமாகப் பறக்கும்போது ஒலி வேகத்தை எட்டாது. ஆயுதம் என்றால் பெரும்பாலும் மூன்று பீரங்கிகள், அவ்வளவுதான். காகிதத்தில் ஒப்பிட்டால் இது போட்டியே இல்லை. ஆனால் 1965 ஏப்ரல் 4 அன்று வட வியட்நாமின் 'தான் ஹோவா' பாலத்தைத் தாக்க வந்த அமெரிக்க விமானங்களில் இரண்டு எஃப்-105 தண்டர்சீஃப்களை இந்த மிக்-17கள்தான் வீழ்த்தின. தண்டர்சீஃபும் ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போகக்கூடியது. ஆனால் குண்டுகளைச் சுமந்துகொண்டு இலக்கை நோக்கி வரும்போது அந்த வேகம் அதன் கையில் இல்லை. மிக்-17 விமானிகள் தரைக் கட்டுப்பாட்டின் வழிகாட்டலில் வந்து, எதிரி கனமாகவும் மெதுவாகவும் இருந்த அந்தக் கணத்தில் அடித்தார்கள். விமானத்தின் உச்சத் திறன் என்பது அச்சிட்ட அட்டவணையில் இருப்பது. சண்டை நடக்கும் கணத்தில் அதில் எவ்வளவு கையில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நிலைமை அமெரிக்கர்களுக்கு அதிர்ச்சியாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியாவிலும் தாங்கள் இழந்ததைப் போலப் பல மடங்கு வீழ்த்தியதாகக் கணக்கு வைத்திருந்தவர்கள், இங்கே ஒன்றை இழந்து இரண்டை, இரண்டரையை வீழ்த்தும் அளவுக்கு இறங்கியிருந்தார்கள். கொரியக் கணக்கே மிகைப்படுத்தியது என்று பின்னாளில் குறைத்தார்கள், அது வேறு கதை. வான்போர் எண்ணிக்கைகள் எதையுமே கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. ஆனால் போக்கு தெளிவாக இருந்தது. ஏவிய ஏவுகணைகளில் பத்தில் ஒன்றுதான் இலக்கைத் தொட்டது.

ஏன்? இதை விசாரிக்க அமெரிக்கக் கடற்படை கேப்டன் ஃப்ராங்க் ஆல்ட் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 1968இல் வந்த அவருடைய அறிக்கையில் 200க்கும் மேற்பட்ட பரிந்துரைகள். அது விமானிகளை மட்டும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏவுகணைத் தயாரிப்பின் தரம், விமானந்தாங்கிக் கப்பலில் அவற்றைக் கையாளும் விதம், சோதனைக் கருவிகள் எல்லாவற்றையும் அலசியது. ஆனால் இன்றுவரை பேசப்படுவது அதில் இருந்த ஒரு கண்டுபிடிப்பு: ஏவுகணையை எப்போது ஏவக்கூடாது என்பது விமானிகளுக்கே தெரியவில்லை.

அன்றைய சைடுவிண்டரை எடுத்துக்கொள்வோம். அது எதிரி இன்ஜினின் பின்பக்கச் சூட்டைத்தான் பார்க்கும். ஆகவே எதிரியின் வாலுக்குப் பின்னால் ஒரு குறுகிய கூம்புக்குள் நாம் இருக்க வேண்டும். மிக அருகிலும் இருக்கக்கூடாது, மிகத் தொலைவிலும் கூடாது. அதைவிட முக்கியமாக, ஆரம்பகால சைடுவிண்டரை ஏவும்போது நாம் ஏறக்குறைய 2 ஜி-க்கு மேல் (அதாவது புவியீர்ப்பைப் போல இரு மடங்குக்கு மேலான விசையோடு) திரும்பிக்கொண்டிருந்தால் ஏவுகணை எதிரியைப் பிடிக்காது. மிக்-17 சுழன்று சுழன்று திரும்பும் விமானம். அதைத் துரத்திப் போனால் நாம் 4 ஜி, 5 ஜி என்று திரும்பியே ஆக வேண்டும். அந்த நிலையில் பொத்தானை அழுத்தினால் ஏவுகணை நேரே போய்க் காட்டில் விழும். சூரியன் பக்கம் ஏவினால் சூரியனையே தேடிப் போகும். ஸ்பேரோவில் வேறு சிக்கல். ராடார் பிடித்த பிறகும் சில வினாடிகள் காத்திருக்க வேண்டும், ஏவுகணை போய்ச் சேரும்வரை ராடாரை எதிரி மேலேயே வைத்திருக்க வேண்டும். தொலைவிலிருந்தே அடிப்பதற்காகச் செய்த ஆயுதம் அது. ஆனால் தங்கள் விமானத்தையே வீழ்த்திவிடக்கூடாது என்பதற்காக, கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே சுட வேண்டும் என்று பெரும்பாலும் விதி இருந்தது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் போய்விட்டால் ஃபேன்டத்தின் பெரிய பலம் ஒன்று அங்கேயே போய்விட்டது.

விமானம் நல்லது. ஆயுதம் சுமார். இரண்டையும் சேர்த்து எப்படிப் பயன்படுத்துவது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. ஃபேன்டம் விமானிகளில் பெரும்பாலோர் பயிற்சி செய்ததெல்லாம், உயரத்தில் நேராக வரும் குண்டுவீச்சு விமானத்தை ராடாரில் பிடித்து அடிப்பதைத்தான். நாய்ச்சண்டை எனப்படும் நெருக்குச் சண்டையைப் பழகினாலும் ஃபேன்டத்தை எதிர்த்து ஃபேன்டம் என்றே பழகினார்கள். ஒரே ஆசானிடம் படித்த இரண்டு பேர் மட்டும் தங்களுக்குள்ளேயே சிலம்பம் ஆடிக்கொண்டிருந்தால், வேறு அடவு தெரிந்தவன் எதிரே வந்து நிற்கும்போது என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

1969 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மிராமார் கடற்படை விமானத் தளத்தில் டாப்கன் என்ற வான்போர்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பொறுப்பு டான் பெடர்சன் என்ற விமானியிடம். கூட இருந்த பயிற்றுநர்களும் இளைஞர்கள்தான். இடமாகக் கிடைத்தது ஒரு பழைய டிரெய்லர். இவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது எதிரி. மிக்-17 போலத் திரும்பக்கூடிய ஏ-4 ஸ்கைஹாக்கை மிக்-17 ஆக்கினார்கள். சிறிய, வேகமான டி-38ஐ, வட வியட்நாமுக்குப் பின்னால் வந்து சேர்ந்த மிக்-21 ஆக்கினார்கள். இதோடு அசல் மிக்குகளின் ரகசியமும் கிடைத்தது. 1966இல் ஈராக் விமானி முனீர் ரெட்ஃபா தன் மிக்-21ஐ இஸ்ரேலுக்கு ஓட்டிக்கொண்டு போய் இறங்கினார். அந்த விமானமும், பின்னால் கிடைத்த மிக்-17களும் நெவாடா பாலைவனத்தில் பறக்கவிட்டுச் சோதிக்கப்பட்டன. மிக்-17 குறைந்த வேகத்தில் புலி. ஆனால் வேகம் கூடக்கூட அதன் கட்டுப்பாட்டுத் தண்டு இறுகிப்போய், விமானி பலம் கொண்ட மட்டும் இழுத்தாலும் திரும்ப மறுக்கும். மிக்-21இல் விமானிக்குப் பின்பக்கம் சரியாகத் தெரியாது.

ஃபேன்டத்தின் பலம் என்ன? இன்ஜின். அப்படியானால் மிக்-17 விரும்பும் கிடைமட்டச் சுழற்சியில் அதோடு சுற்றவே கூடாது. வேகத்தைக் குறையவிடாமல் செங்குத்தாக மேலே ஏறு, மேலிருந்து புரண்டு இறங்கு, எதிரி வேகம் இழந்து திணறும்போது பின்னால் வா. இரண்டு விமானங்கள் பரந்து விலகிப் பறந்து, ஒன்று சண்டையில் ஈடுபடும்போது மற்றது வெளியே இருந்து அடுத்த வாய்ப்பைத் தேடும் அமைப்பையும் கடற்படை கூர்தீட்டியது. அமெரிக்க விமானப்படை இன்னும் நான்கு விமானக் கூட்டமாகவே பறந்தது. அதில் தலைவர் சுடுவார், மற்றவர்கள் அவரைக் காப்பார்கள். துணை விமானிகளுக்குச் சுடும் வாய்ப்பே அபூர்வம்.

டாப்கன்னில் பறப்பதைவிட நேரம் பிடித்தது தரையில் நடக்கும் அலசல். ஒவ்வொரு சண்டையையும் நினைவிலிருந்து பலகையில் வரைந்து, யார் எந்த இடத்தில் எந்த முடிவு எடுத்தார், ஏன் தோற்றார் என்று பதவி பார்க்காமல் பேசினார்கள். பாடம் எடுக்கப்போகும் பயிற்றுநர் முதலில் மற்றப் பயிற்றுநர்கள் முன்னால் நின்று, அவர்கள் கேள்வியால் துளைத்தெடுப்பதைத் தாங்க வேண்டும். இன்னொன்று இதைவிட முக்கியம் என்பேன். இங்கே படித்தவர்கள் தங்கள் ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு குழுவைப் பயிற்றினால் ஒரு ஸ்குவாட்ரனே மாறும். 1970 மார்ச் 28 அன்று ஜெரி பியூலியே என்ற கடற்படை விமானி ஒரு மிக்-21ஐ வீழ்த்தினார். அவர் டாப்கன்னின் முதல் வகுப்பு மாணவர்.

1972இல் வான்போர் மீண்டும் சூடுபிடித்தபோது கடற்படையின் கணக்கு இழந்த ஒன்றுக்கு வீழ்த்தியது ஏறத்தாழ 12 என்று எகிறியது. விமானப்படை பழைய இரண்டுக்கு ஒன்றிலேயே தடுமாறியது. இத்தனைக்கும் விமானப்படைக்குப் பீரங்கி உள்ளேயே பொருத்திய எஃப்-4இ வந்திருந்தது. கடற்படையின் ஃபேன்டத்துக்குக் கடைசிவரை உள்ளமைந்த பீரங்கி கிடையாது. வித்தியாசம் ஏன்? விருப்பமில்லாத ஒருவரை இரண்டாம் முறை போருக்கு அனுப்பக்கூடாது என்ற சமத்துவக் கொள்கையால், போக்குவரத்து விமானமும் குண்டுவீச்சு விமானமும் ஓட்டியவர்களை விமானப்படை அவசரப் பயிற்சி கொடுத்துப் போர் விமானத்தில் உட்காரவைத்தது. விபத்துப் பயத்தில் வேறு வகை விமானங்களோடு சண்டைப் பயிற்சி செய்வதைத் தவிர்த்தது. பயிற்சியில் விபத்து குறைந்தது, போரில் இழப்பு கூடியது.

இது முழுக்கப் பயிற்சியின் வெற்றிதானா? நேர்மையாகச் சொன்னால் இல்லை. 1972இல் கடற்படை வைத்திருந்த சைடுவிண்டர் விமானப்படையினதைவிட மேம்பட்டது. கடற்கரைப் பக்கம் பறந்த கடற்படைக்குப் பெரும்பாலும் மிக்-17களே வாய்த்தன. உள்நாட்டில் பறந்த விமானப்படைக்குப் பின்னாலிருந்து வேகமாக வந்து ஒரே அடியில் அடித்துவிட்டு ஓடும் மிக்-21கள் வாய்த்தன. ஆக, 2-க்கும் 12-க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் வகுப்பறைக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் பெரும்பங்கு அங்கேதான் என்பது என் கருத்து. விமானப்படையும் அப்படித்தான் நினைத்தது போலும். 1972இலேயே எதிரியாக நடிக்கத் தனி ஸ்குவாட்ரன் அமைத்தது. 1975இல் நெவாடாவில் ரெட் ஃப்ளாக் பயிற்சியைத் தொடங்கியது. முதல் பத்துப் போர்ப் பறப்புகளைத் தாண்டிவிட்ட விமானி பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்தப் பத்துப் பறப்புகளை எதிரி நாட்டின் மேல் பறக்காமல் சொந்தப் பாலைவனத்தில் பறந்து முடித்துவிட வேண்டும் என்பதே அந்தப் பயிற்சியின் அடிப்படை.

சரி, ஒரே விமானம் வேறு வேறு கைகளில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு இன்னும் பழைய உதாரணம் ஒன்று. அமெரிக்க பிரூஸ்டர் பஃபலோ. 1942 ஜூன் 4 அன்று மிட்வே தீவில் அமெரிக்க மரைன் படையின் 20 பஃபலோக்கள் ஜப்பானின் ஜீரோ போர் விமானங்களை எதிர்கொண்டன. 13 திரும்பவில்லை. விமானிகள் அதற்குச் சவப்பெட்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் அதே பிரூஸ்டரை ஃபின்லாந்து 44 வாங்கியிருந்தது. அதை ஓட்டிய 24ஆம் ஸ்குவாட்ரன் சோவியத் விமானங்கள் 459ஐ வீழ்த்தியதாகக் கணக்குக் காட்டியது. வான்சண்டையில் இழந்த பிரூஸ்டர்கள் 15. கணக்கைப் பாதியாகக் குறைத்தாலும் மலைக்கவைக்கும் எண். ஃபின்லாந்துக்காரர்கள் 1930களிலேயே மூன்று விமானக் கூட்டத்தைக் கைவிட்டு, இரண்டு இரண்டாகப் பிரியும் நான்கு விமான அமைப்புக்கு மாறியிருந்தார்கள். குறிபார்த்துச் சுடுவதில் வெறித்தனமான பயிற்சி. தூரத்திலிருந்து சுடாதே, கிட்டே போ, இன்னும் கிட்டே போ என்பதே பாடம்.

இங்கேயும் மறுபக்கம் உண்டு. ஃபின்லாந்து வாங்கியது கடற்படைச் சாமான்கள் இல்லாத, எடை குறைந்த வகை. மிட்வேயில் பறந்தது கனம் கூடியது. எதிரியும் வேறு. 1941இன் சோவியத் விமானியும் 1942இன் ஜப்பானியக் கடற்படை விமானியும் ஒன்றல்ல.

ஆனால் அதே நாள், அதே மிட்வே போரில் நடந்த இன்னொரு சண்டைக்கு இந்தச் சாக்கு செல்லாது. ஜான் தாட்ச் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி வைல்ட்கேட் விமானங்கள் ஆறோடு, டார்பிடோ விமானங்களுக்குக் காவலாகப் போனார். வைல்ட்கேட் ஜீரோவைவிட மெதுவாக ஏறும், அகலமாகத் திரும்பும். போருக்கு முன்பே ஜீரோவைப் பற்றிய உளவுத் தகவலைப் படித்துவிட்டு, தாட்ச் இரவுகளில் வீட்டு மேஜையில் தீக்குச்சிகளை விமானங்களாக அடுக்கி யோசித்திருந்தார். அவர் கண்ட வழி: இரண்டு விமானங்கள் பக்கவாட்டில் விலகிப் பறக்கும். ஒன்றின் பின்னால் ஜீரோ வந்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும். துரத்தி வரும் ஜீரோ தன் இரையைப் பின்தொடர்ந்தால் மற்ற வைல்ட்கேட்டின் துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்கும். மிட்வேயில் அதை முதல்முறை போரில் பயன்படுத்தினார். தன்னைவிட அதிக எண்ணிக்கையில் இருந்த ஜீரோக்களுக்கு நடுவே ஒரு விமானத்தை மட்டும் இழந்து திரும்பினார். அவரே மூன்றை வீழ்த்தியதாகப் பதிவாகியிருக்கிறது. வைல்ட்கேட்டில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு 'விமானம் எதுவானாலும் சரி, ஆள்தான் முக்கியம்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அதே ஃபின்லாந்து விமானிகள், அதே பயிற்சி. 1943 வாக்கில் சோவியத் பக்கம் லா-5, யாக்-9 போன்றவை வந்தபோது பிரூஸ்டர் மூச்சுத் திணறியது. ஃபின்லாந்து ஜெர்மனியிடமிருந்து மெஸ்ஸர்ஷ்மிட் 109ஜி வாங்கித்தான் சமாளித்தது. 1982 ஜூனில் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கின் மேல் சிரியா சில நாட்களில் 80க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. இஸ்ரேல் விமானிகளின் பயிற்சி உயர்தரம்தான். ஆனால் அவர்கள் கையில் எஃப்-15, எஃப்-16, முன்பக்கமிருந்தும் அடிக்கக்கூடிய புதிய சைடுவிண்டர், வானிலிருந்து முழுக் களத்தையும் காட்டும் ஹாக்ஐ ராடார் விமானம் இருந்தன. சிரிய விமானிகளுக்குத் தரைக் கட்டுப்பாட்டோடு இருந்த ரேடியோத் தொடர்பே முடக்கப்பட்டது. குருடாகப் பறந்தவர்களை எவ்வளவு பயிற்சி காப்பாற்றியிருக்கும்? ஒன்று மட்டும் சொல்லலாம். தரையிலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திருந்தே பழகியவர்கள், அந்தக் குரல் நின்றபோது இன்னும் அதிகமாகத் தவித்தார்கள். அதுவும் பயிற்சியின் விளைவுதான்.

நம் பக்கக் கதைக்கு வருவோம். 1965 போரில் பாகிஸ்தானிடம் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் இருந்தது. ஒலியைப் போல இரு மடங்கு வேகம். செப்டம்பர் 7 அன்று சர்கோதா தளத்தைத் தாக்கப்போன இந்திய மிஸ்டேர் விமானங்களில் ஒன்றை ஸ்குவாட்ரன் லீடர் ஏ. பி. தேவய்யா ஓட்டினார். மிஸ்டேர் தரைத் தாக்குதலுக்கான, ஒலி வேகத்துக்குள் பறக்கும் விமானம். ஸ்டார்ஃபைட்டர் அவரை இடைமறித்துத் தாக்கியது. அவருடைய விமானம் அடிவாங்கியது. ஆனாலும் அவர் ஓடவில்லை, திரும்பினார். ஸ்டார்ஃபைட்டர் வேகத்தை வைத்து அடித்துவிட்டுப் போயிருந்தால் மிஸ்டேரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதன் சிறிய இறக்கை சுழற்சிச் சண்டைக்கானது அல்ல. ஆனால் அது சுழற்சிக்குள் இறங்கியது, தேவய்யா அதை வீழ்த்தினார். அவர் திரும்பி வரவில்லை. 1988இல்தான் அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. போருக்கு முன் அவர் விமானப்படைக் கல்லூரியில் பயிற்றுநராக இருந்தவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

1971 நவம்பர் 22 அன்று கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய போய்ரா பகுதியில் இந்தியாவின் நான்கு 'நாட்' விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களைச் சந்தித்தன. நாட் மிகச் சிறியது, கண்ணில் படுவதே கடினம். சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. இரண்டு பாகிஸ்தான் விமானிகள் குதித்துப் பிடிபட்டார்கள். கொல்கத்தாவின் டம்டம் தளத்திலிருந்து கிளம்பிய நாட் விமானங்களைச் சரியான நேரத்தில் சரியான பக்கம் கொண்டுபோய் நிறுத்தியவர், தரையில் ராடார் முன் அமர்ந்திருந்த கட்டுப்பாட்டாளர் பாக்சி. வான்போர்ப் பயிற்சி என்றால் விமானியை மட்டும் நினைக்கிறோம். ராடார் திரையைப் பார்ப்பவர், ஏவுகணையைப் பராமரிப்பவர், அரை மணியில் விமானத்தை மறுபடி தயார் செய்யும் தொழில்நுட்ப வீரர் எல்லோரும் அதில் அடக்கம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் இந்திய விமானப்படை தன் போர் உத்திப் பள்ளியையும் தொடங்கியிருந்தது. இப்போது டாக்டே என்று அழைக்கப்படும் அது குவாலியரில் இயங்குகிறது. 2004இல் அதே குவாலியரில் அமெரிக்க எஃப்-15களோடு நடந்த கோப் இந்தியா பயிற்சியில் இந்திய விமானிகளின் உத்திகள் அமெரிக்கர்களை வியக்கவைத்தன. சுகோய்களும் மிராஜ்களும் மட்டுமல்ல, மேம்படுத்திய மிக்-21 பைசனும் பாராட்டுப் பெற்றது. இதை வைத்து 'எஃப்-15ஐத் தோற்கடித்துவிட்டோம்' என்று எழுதுவது சரியல்ல. அமெரிக்கர்கள் குறைந்த எண்ணிக்கையில், தங்கள் ஏவுகணை ராடார் திறன்களுக்குக் கட்டுப்பாடு வைத்துப் பறந்தார்கள். பயிற்சி நடப்பது கற்றுக்கொள்ள. அதன் மதிப்பெண்ணைப் போர்க்கணக்காக்கக் கூடாது.

இன்று கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்தே ஏவுகணை விடும் காலம். இனி விமானியின் திறமைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை மாறியிருக்கிறது, குறையவில்லை. ஏவுகணையின் அதிகபட்சத் தூரம் என்று சொல்லப்படுவது, எதிரி நம்மை நோக்கி நேராக வந்துகொண்டே இருந்தால் மட்டும் பொருந்தும். அவர் திரும்பி ஓடினால் அது மளமளவெனச் சுருங்கும். உயரத்திலும் வேகத்திலும் ஏவினால் நீளும். எப்போது விடுவது, எப்போது குறுக்காகத் திரும்பி எதிரி ராடாரிலிருந்து மறைவது, எப்போது எரிபொருளைப் பார்த்துச் சண்டையை விட்டு விலகுவது, இவையெல்லாம் வினாடிகளில் எடுக்க வேண்டிய முடிவுகள். நான்கு விமானங்களும் ஒரே படத்தைப் பகிர்ந்துகொண்டு எடுக்க வேண்டியவை. ஆனால் எதிரி நம்மை முதலில் பார்த்து, நம் ஏவுகணையைவிட நீண்ட கையோடு இருந்தால், முடிவெடுக்க நமக்கு நேரமே கிடைக்காது. பழைய நெருக்குச் சண்டையைவிட இங்கே கருவி இடைவெளிக்கு விலை அதிகம்.

அதனால் ஒரு நாடு எந்த விமானம் வாங்குகிறது என்று செய்தி வரும்போது நான் முதலில் பார்ப்பது அதிகபட்ச வேகத்தை அல்ல. அந்த விமானம் மாதத்தில் எத்தனை நாள் பறக்கும் நிலையில் இருக்கும்? உதிரி பாகம் எங்கிருந்து வரும்? ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவு? நேட்டோ நாடுகள் ஒரு போர் விமானிக்கு ஆண்டுக்குச் சுமார் 180 மணி நேரப் பறப்பை அளவுகோலாக வைத்திருக்கின்றன. கொட்டகையில் நிற்கும் விமானத்தில் யாரும் அதை எட்ட முடியாது. சிமுலேட்டர் நிறைய உதவும். ஆனால் 7 ஜி-யில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் வலியை அது தராது.

அப்புறம், விமானியை அவசரத்துக்கு உருவாக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தன் தேர்ந்த விமானிகளைச் சாகும்வரை போர்முனையிலேயே வைத்திருந்தது. அமெரிக்கா தன்னுடையவர்களைத் திருப்பி அழைத்துப் பயிற்றுநர்களாக்கியது. 1944 ஜூனில் மரியானா தீவுகளுக்கு அருகே மோதியபோது ஜப்பானிடம் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஒன்பது இருந்தன, விமானங்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஓட்டியவர்கள் பலர் சில மாதப் பயிற்சியோடு வந்த பையன்கள்.

இந்தியாவுக்கு இதே பாடம் சமாதான காலத்தில் வந்தது. நம் இளம் விமானிகள் மெதுவாகப் பறக்கும் கிரண் பயிற்சி விமானத்திலிருந்து, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் மிக்-21க்கு மாற வேண்டியிருந்தது. நடுவில் படி இல்லை. நடுத்தரப் படியாக நவீன ஜெட் பயிற்சி விமானம் ஒன்று வேண்டும் என்று லா ஃபோன்டேன் குழு 1982இல் பரிந்துரைத்தது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். பீதர் தளத்தில் அது பணியில் சேர்ந்தது 2008இல். அந்த 26 ஆண்டுகளில் மிக்-21 விபத்துகளில் இறந்த இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது 'பறக்கும் சவப்பெட்டி' என்று விமானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். விபத்துகளுக்குக் காரணங்கள் பல, பராமரிப்பும் பறவை மோதலும் அவற்றில் உண்டு. ஆனால் மிக்-21 வாங்கக் கிடைத்த காசும் அவசரமும் அதை ஓட்டப் பழக்கும் விமானத்துக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.